ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயில் மாற்ற வேண்டுமா, எப்போது?

என்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவீர்கள் என்று கார் வைத்திருப்பவரிடம் கேட்டால் தயங்காமல் பதில் வரும். அதே காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலைப் பற்றிக் கேட்டால் ஒன்றுக்கொன்று முரணான மூன்று பதில்கள் கிடைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல நேரம் “இதற்கு மாற்றவே தேவையில்லை, வாழ்நாள் முழுக்க ஓடும்” என்பார்கள். வெளி ஒர்க்‌ஷாப் மெக்கானிக் “நாற்பதாயிரத்தில் மாற்றிவிடுங்கள்” என்பார். விவரம் அறிந்த உறவினர் ஒருவர் “ஓடுகிற கியர்பாக்ஸில் கை வைக்காதீர்கள், மாற்றினால்தான் கெடும்” என்று எச்சரிப்பார். 2014-ல் மாருதி செலெரியோ ஏ.எம்.டி. வசதியோடு வந்தது முதல் நடுத்தரக் குடும்பங்களும் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறத் தொடங்கின. அந்தக் கார்கள் இன்று பழையதாகி, இரண்டாம் மூன்றாம் கைகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே இது சில பணக்காரர்களின் கவலையாக இருந்த காலம் போய்விட்டது. மேலே சொன்ன மூன்று பதில்களிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எது எந்தக் காருக்கு, எந்தச் சாலைக்கு, எந்த வயதில் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்: கியர்பாக்ஸ் ஆயிலின் ஆயுளை முடிவு செய்வது கிலோமீட்டரைவிட வெப்பம். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் காருக்கு ஆயிலை மாற்றத்தான் வேண்டும். கோளாறு தலைகாட்டும் முன்பே மாற்ற வேண்டும்.

ஆயில் செய்யும் வேலை

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை: பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் ஆயில் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே வேலை செய்கிறது. என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்துவதே டார்க் கன்வர்ட்டருக்குள் சுழலும் ஆயில்தான். பம்ப் அதே ஆயிலை அழுத்தத்தோடு வால்வு பாடிக்கு அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணிய வழிகளில் பாய்ந்துதான் அது கிளட்ச் தட்டுகளை அழுத்தி ஒரு கியரை விடுவித்து மற்றொன்றைப் பிடிக்கிறது. தட்டுகள் ஒன்றோடொன்று சேரும்போது எழும் வெப்பத்தை வாங்கிக்கொண்டுபோய்க் குளிர்விப்பானில் இறக்குவதும் அதே ஆயில். இவை எல்லாவற்றையும்விட நுட்பமான வேலை ஒன்று இருக்கிறது. ஈரமான கிளட்ச் தட்டுகள் வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. அந்த உராய்வை அளந்து கொடுப்பவை ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிமுகம் செய்து 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்திய ஹைட்ரா-மேட்டிக் காலத்திலிருந்து இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு ஒருவகையில் ஆயிலின் வரலாறும்கூட. 1970களின் தொடக்கம் வரை உராய்வைச் சீராக்க எண்ணெய்த் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெயையே அமெரிக்க நிறுவனங்கள் சேர்த்துவந்தன. அதைத் தடை செய்ததும் ஈடான வேதிப்பொருளைத் தேட வேண்டியதாயிற்று. 1960களில் தொடங்கிய டெக்ஸ்ரான் என்ற தரவரிசை 1993-ல் மூன்றாம் தலைமுறைக்கும் 2005-ல் ஆறாம் தலைமுறைக்கும் வந்தது. ஒவ்வொரு படியிலும் பொறியாளர்கள் தேடியது ஒன்றுதான்: உராய்வுத் தன்மையும் பிசுபிசுப்பும் நீண்டநாள் மாறாமல் இருக்க வேண்டும்.

அவை மாறுவதைத் தள்ளிப்போட முடியும், நிறுத்த முடியாது. பற்சக்கரங்களும் பம்பும் நசுக்கி நசுக்கி, பிசுபிசுப்பைத் தக்கவைக்கும் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடுகின்றன. அதனால் ஆயில் நீர்த்துப்போகிறது. வெப்பமும் காற்றும் சேர்ந்து அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அப்போது உண்டாகும் பசை போன்ற படிவு வால்வு பாடியின் குறுகிய துளைகளில் ஒட்டுகிறது. கிளட்ச் தட்டுகளின் மேற்பரப்பிலிருந்து உதிரும் துகளும், பற்சக்கரத்திலிருந்து உதிரும் இரும்புப் பொடியும் ஆயிலோடு சுற்றுகின்றன. பெட்டியின் அடித்தட்டான பானில் இருக்கும் காந்தம் இரும்பைப் பிடிக்கும், ஃபில்டர் பெரிய துகளைப் பிடிக்கும். மிக நுண்ணியவை சுற்றிக்கொண்டே இருக்கும். உராய்வுச் சேர்மானங்களும் மெல்ல மெல்லச் செலவாகின்றன. இவ்வளவும் சில ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கும். கியர் மாறும்போது ஒரு சிறு உதைப்பு, ‘டி’-யில் போட்டதும் ஒரு தாமதம், மேட்டில் ஏறும்போது என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகராத வழுக்கல் ஆகியவை தெரியவரும் நேரத்தில் கெட்டது ஆயில் மட்டுமாக இருக்காது. என்ஜின் ஆயிலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. என்ஜின் ஆயில் எரிபொருளின் கரியையும் அமிலத்தையும் நேரடியாக வாங்கிக்கொள்வதால் சீக்கிரம் கெடுகிறது. கியர்பாக்ஸ் ஆயில் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மெதுவாகக் கெடுகிறது. இந்த மெதுவைத்தான் பலர் ‘கெடவே கெடாது’ என்று புரிந்துகொண்டார்கள்.

கணக்கு வெப்பத்தில் இருக்கிறது

எந்த ஆயிலும் சூட்டில்தான் முதுமை அடைகிறது. வடைச் சட்டியில் மறுபடி மறுபடி காய்ந்த எண்ணெய் கறுத்து, கெட்டிப்பட்டு, காறல் வாடை அடிப்பதற்கும், கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு நிறம் இழந்து கருகிய வாடை அடிப்பதற்கும் அடிப்படை ஒன்றே. வேதியியலில் பொதுவாகச் சொல்லும் ஒரு தோராய விதி உண்டு: வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இயல்பான ஓட்டத்தில் கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும். 90-ல் ஓடவேண்டிய ஆயில் தொடர்ந்து 110-ல் ஓடினால் அந்த விதிப்படி நான்கு மடங்கு வேகத்தில் முதுமை அடையும். ஆக, இரண்டு கார்களின் ஓடோமீட்டரும் 60,000 என்று காட்டினாலும் அவற்றின் ஆயில்கள் ஒரே வயதுடையவை என்று சொல்ல முடியாது.

எந்த ஓட்டம் சூட்டைக் கூட்டுகிறது? நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்கிறது. என்ஜினும் கியர்பாக்ஸும் நேராக இணைந்து சுழல்வதால் உள்ளே ஆயில் அலைக்கழிவதில்லை. முன்னாலிருந்து காற்றும் வீசுகிறது. நகர நெரிசலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது அந்தப் பூட்டு திறந்தே கிடக்கிறது. வீணாகும் ஆற்றல் எல்லாம் ஆயிலில் சூடாக இறங்குகிறது. குளிர்விக்கக் காற்றோட்டமும் இல்லை. மலை ஏறும்போது பாரம் முழுவதும் குறைந்த கியரில் விழுகிறது. நேரத்தையும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். 60,000 கி.மீ. தூரத்தை நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கி.மீ. வேகத்தில் கடந்த கார் 1,000 மணி நேரம் ஓடியிருக்கும். அதே தூரத்தை நகரத்துக்குள் மணிக்குச் சராசரி 20 கி.மீ. வேகத்தில் கடந்த கார் 3,000 மணி நேரம் ஓடியிருக்கும். தூரம் சமம்; ஆயில் சூட்டில் கிடந்த நேரம் மூன்று மடங்கு. ஓடோமீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இரண்டு பகுதிகள் இருக்கும்: ஒன்று சாதாரணப் பயன்பாடு, மற்றொன்று கடுமையான பயன்பாடு. ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கு வெளியிட்ட பல கையேடுகளில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஆட்டோமேட்டிக் ஆயிலைச் சோதிக்கவோ மாற்றவோ வேண்டாம் என்று இருக்கும். அதே புத்தகத்தில் கடுமையான பயன்பாட்டுக்கு 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கி.மீ., ஆனதும் மாற்றச் சொல்லியிருக்கும். எவையெல்லாம் கடுமை என்ற பட்டியலில் குறுந்தொலைவுப் பயணம், புழுதிச் சாலை, மலைப் பாதை, வாடகை வண்டி ஓட்டம் ஆகியவற்றோடு 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பத்தில் நெரிசலான சாலையில் ஓட்டுவதும் இடம்பெறுகிறது. சென்னையில், மதுரையில், திருச்சியில் ஆண்டில் எத்தனை மாதம் பகல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? அண்ணா சாலையிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ தினமும் அலுவலகம் போய்வரும் கார், வாரக் கடைசியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகும் கார், அந்தப் பட்டியலின் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் அடங்கும். நம் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் தம் பயன்பாட்டைச் சாதாரணம் என்றே நினைக்கிறார்கள். கையேட்டை எழுதியவர்களின் அளவுகோலில் தமிழ்நாட்டு நகர ஓட்டமே கடுமையான ஓட்டம்.

‘வாழ்நாள் ஆயில்’ என்ற உறுதிமொழி

இங்கே முதல் மறுப்பு எழும். “காரைச் செய்தவனுக்குத் தெரியாதா? மாற்ற வேண்டாம் என்று அவனே சொல்லும்போது நாம் ஏன் மாற்ற வேண்டும்?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கியர்பாக்ஸ் செய்பவர்களிடமே இருக்கிறது. கார் நிறுவனங்கள் பல தம் கியர்பாக்ஸைத் தாமே செய்வதில்லை. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் ஆறு வேக, எட்டு வேகப் பெட்டிகள் பல சொகுசுக் கார்களில் உள்ளன. அந்தக் கார்களை விற்ற சில நிறுவனங்கள் உள்ளே இருக்கும் ஆயிலை வாழ்நாள் ஆயில் என்று அறிவித்தன. பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ ஆயில் முதுமையடையும் என்று சொல்லி, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றப் பரிந்துரைத்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் 1996-ல் கொண்டுவந்த ஐந்து வேகப் பெட்டிக்கு ஆயில் மாற்றமே கிடையாது என்றுதான் முதலில் சொன்னது. அளவு பார்க்கும் குழாயின் வாயையும் பூட்டி வைத்தது. சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சுமார் 60,000 கி.மீ.யில் மாற்ற வேண்டும் என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது. வடிவமைத்தவர்களே காலப்போக்கில் திருத்திக்கொண்ட ஒரு கருத்தை நாம் மட்டும் மாறாத விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. வாழ்நாள் என்ற கணக்குக்குப் பின்னால் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. இன்றைய செயற்கை ஆயில்கள் 1970களின் ஆயில்களைவிடப் பன்மடங்கு நிலைப்புத்தன்மை உடையவை. மிதமான குளிர்நாட்டில், நெடுஞ்சாலையில், முதல் உரிமையாளரின் கையில் இருக்கும் காலம் வரை அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கிறது. புதிய காரை வாங்குபவர் சில ஆண்டுகளில் விற்றுவிடும் சந்தையில் பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவது விற்பனைக்கும் உதவுகிறது. ஆயில் கழிவு குறைவது சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதான். ஆனால் இந்தியக் குடும்பம் காரை வைத்திருக்கும் விதம் வேறு. பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓட்டுவார்கள்; பிறகும் அந்தக் கார் இன்னொரு குடும்பத்துக்குப் போகும். வாரண்டி முடிந்த பிறகும் பாதிக்கு மேற்பட்ட ஆயுள் மிச்சம் இருக்கும் காருக்கு, வாரண்டி காலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு போதாது. சாதாரணப் பயன்பாட்டுக்கு மாற்றம் குறிப்பிடாத டொயோட்டாவும் அமெரிக்க அட்டவணையில் இழுவை வண்டி கட்டி ஓட்டுபவர்களுக்கும் கூரையில் சுமை ஏற்றி ஓட்டுபவர்களுக்கும் 60,000 மைலில் மாற்றச் சொல்கிறது. பாரமும் சூடும் கூடினால் ஆயில் தீரும் என்பதைத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். கருத்து வேறுபாடு எந்த எண்ணில் மாற்றுவது என்பதில் மட்டும்தான்.

ஒரே பெயர், வெவ்வேறு இயந்திரங்கள்

குழப்பத்துக்கு இரண்டாவது காரணம், கிளட்ச் மிதி இல்லாத எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் அழைப்பது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரணப் பெட்ரோல் என்ஜினோடு வருவது சி.வி.டி. வகை, டீசலோடு வருவது டார்க் கன்வர்ட்டர் வகை, டர்போ பெட்ரோலோடு வருவது டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச் வகை. ஒரே பெயர்ப்பலகை கொண்ட காரில் மூன்று வேறுபட்ட பெட்டிகள், மூன்று வேறுபட்ட ஆயில்கள். ஒரு கிரெட்டா உரிமையாளர் மற்றொரு கிரெட்டா உரிமையாளருக்குச் சொல்லும் அறிவுரை முற்றிலும் தவறாகப் போக இது ஒன்றே போதும்.

டார்க் கன்வர்ட்டர் வகை பற்றி மேலே பார்த்தோம். ஆயில் மாற்றத்தால் தெளிவாகப் பயன்பெறும் வகை அது. சி.வி.டி. பெட்டியில் பற்சக்கரப் படிகள் கிடையாது. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகு பெல்ட் அல்லது சங்கிலி ஓடுகிறது. எஃகு எஃகைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும், தேயவும் கூடாது. இந்த இரட்டை வேலையைச் செய்ய அதற்கென்றே தனி ஆயில் தேவை. ஹோண்டாவின் எச்.சி.எஃப்.-2, நிசானின் என்.எஸ்.-3 போன்றவை இந்த வகைக்கென்றே உருவானவை. ஆயிலின் தன்மை குறைந்து பெல்ட் ஒருமுறை வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறலை எந்த ஆயிலும் ஆற்றாது. ஆகவே ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதால் அதிகம் இழப்பது சி.வி.டி.தான். இரட்டைக் கிளட்ச் வகையில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் ஆறு வேக டி.எஸ்.ஜி. போன்ற ஈரக் கிளட்ச் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்று நிறுவனமே விதித்திருக்கிறது. அதே நிறுவனத்தின் ஏழு வேக உலர் கிளட்ச் பெட்டியில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. பற்சக்கரத்துக்குக் கொஞ்சம் ஆயில், கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில். அங்கே கிளட்ச் தேய்வை ஆயில் மாற்றம் தடுக்காது. ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சையும் கியர் மாற்றத்தையும் ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதற்கு மேனுவல் பெட்டிக்குரிய கியர் ஆயில் அட்டவணையே பொருந்தும். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓட்டும் பழக்கம். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துபவரின் கிளட்ச் எந்த ஆயில் போட்டாலும் சீக்கிரம் தீரும்.

மறுப்புகளும் விடைகளும்

மக்களிடம் ஆழமாக வேரூன்றிய மறுப்பு, “மாற்றிய பிறகுதான் கெட்டது” என்பது. இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது, நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் யார், எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். ஒன்றரை லட்சம் கி.மீ. வரை தொடாமல் விட்டு, கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, புது ஆயில் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மாற்றுபவர்களே அதிகம். அந்த நிலையில் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் பெட்டி நின்றுபோனால் பழி ஆயிலின் மேல் விழுகிறது. மாற்றாமல் விட்டிருந்தாலும் அது நின்றிருக்கும். அதே நேரத்தில் இந்த அச்சத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. புதிய ஆயிலின் சுத்திகரிப்புச் சேர்மானங்கள் பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்பக்கூடும். இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு ஃப்ளஷ் செய்தால் பானின் அடியில் அமைதியாகக் கிடந்த கசடு வால்வு பாடிக்குள் போக வாய்ப்பு உண்டு. தேய்ந்துபோன தட்டுகளுக்கு நடுவே புதிய ஆயிலின் உராய்வுத் தன்மை இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பையும் குறைத்துக் காட்டலாம். இவை மாற்றவே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. தாமதிக்கக் கூடாது என்பதற்கான காரணங்கள். பெட்டி நலமாக இருக்கும்போது மாற்றுபவருக்கு இந்த ஆபத்துகள் ஏறக்குறைய இல்லை. வழுக்கல் தொடங்கிவிட்ட காருக்கோ முதலில் பானைக் கழற்றி, காந்தத்தில் எவ்வளவு இரும்புப் பொடி ஒட்டியிருக்கிறது, ஆயிலில் கருகிய வாடை இருக்கிறதா, கணினியில் என்ன கோளாறுக் குறிகள் பதிந்திருக்கின்றன என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஆயில் மாற்றம் நோயைத் தடுக்கும். தேய்ந்த உறுப்பை மீட்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: தவறாகச் செய்யும் சர்வீஸ், செய்யாத சர்வீஸைவிடக் கெடுதல். இதை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். சி.வி.டி. பெட்டியில் டார்க் கன்வர்ட்டர் வகைக்குரிய சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட் வழுக்கும். ஆயில் அதிகமானால் சுழலும் உறுப்புகள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தத்தைத் தாங்காது. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். பல நவீனப் பெட்டிகளில் அளவுகோல் குச்சியே இல்லை. காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஆயில் குறித்த வெப்பத்துக்கு, பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி, வரும்போது வழிதுளையைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். சூடு அதிகமான நிலையில் பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்து குறைவாகவே மிஞ்சும். சரியான ஆயில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோக்ஸ்வாகனின் அனுபவமே சாட்சி. 2013 நவம்பரில் அந்நிறுவனம் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏழு வேக டி.எஸ்.ஜி. பெட்டியில் இருந்த செயற்கை ஆயிலை எடுத்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்றுவதற்காக. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் அந்தச் செயற்கை ஆயில் மின்கோளாறுக்கு வழிவகுக்கலாம் என்பதே காரணம். விலை உயர்ந்த ஆயில் எப்போதும் நல்ல ஆயில் என்ற எண்ணத்தை இந்த ஒரு நிகழ்வே கலைத்துவிடும். ஆக, இந்த மறுப்பு சொல்லித்தருவது சர்வீஸைத் தவிர்ப்பதை அல்ல, செய்பவரைத் தேர்ந்தெடுப்பதை. உங்கள் பெட்டியின் வகை எது, கையேடு கேட்கும் ஆயிலின் தரக்குறி எது, எந்த வெப்பத்தில் அளவு பார்ப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் காரை விடலாம்.

மூன்றாவது மறுப்பு: சில பெட்டிகள் ஆயில் மாற்றினாலும் கெடத்தான் செய்கின்றன. உண்மை. நிசான் 2009-ல் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான சி.வி.டி. கார்களுக்கு வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டித்தது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வடிவமைப்பில் இருக்கும் குறைக்கு உரிமையாளரின் பராமரிப்பு ஈடாகாது. அதற்குப் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டால் பராமரிப்புக்கு ஒரு கூடுதல் காரணம் கிடைக்கிறது. காலத்தில் ஆயில் மாற்றிய பில்லை வைத்திருக்கும் உரிமையாளரே, கோளாறு வந்தால் “இது என் அலட்சியம் அல்ல” என்று நிறுவனத்தின் முன்போ நுகர்வோர் ஆணையத்தின் முன்போ உறுதியாக நிற்க முடியும்.

செலவு என்பது கடைசி மறுப்பு. ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் முதல் காரைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். பெட்டியைப் பிரித்துச் சரிசெய்வதும் மாற்றுவதும் லட்சக் கணக்கில் போகும். பத்து ஆண்டில் இரண்டு முறை ஆயில் மாற்றும் செலவு, ஒருமுறை பெட்டி பிரிக்கும் செலவின் ஒரு சிறு பகுதி. கழிவு ஆயிலைப் பற்றிய கவலை நியாயமானது. அதைச் சாக்கடையில் விடாமல் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுப்பது நம் கடமை. ஆயினும் சில லிட்டர் ஆயிலை மிச்சப்படுத்தப்போய் ஒரு முழுப் பெட்டியைக் குப்பையாக்குவது சுற்றுச்சூழலுக்கு உதவாது.

எப்படி மாற்றுவது

என்ஜின் ஆயிலைப் போல அடைப்பைக் கழற்றினால் முழுவதும் வடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலான டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. பெட்டிகளில் கணிசமான பகுதி கன்வர்ட்டருக்குள்ளும் குளிர்விப்பான் குழாய்களிலும் தங்கிவிடும். ஒருமுறை வடித்து ஊற்றினால் 40 விழுக்காடு புதிதாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை செய்தால் 64, மூன்றாம் முறை செய்தால் 78 விழுக்காடு புதிதாகும். நலமாக ஓடும் ஒரு காருக்குச் சில ஆயிரம் கி.மீ. இடைவெளி விட்டு இப்படி இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவதே மென்மையான வழி. கசடை எதுவும் வலுக்கட்டாயமாகக் கிளப்புவதில்லை. முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமென்றால், பெட்டியின் சொந்தப் பம்பே பழையதை வெளியேற்றி அதே அளவு புதியதை உள்வாங்கும்படி செய்யும் முறையைக் கேளுங்கள். எதிர்த்திசையில் அழுத்தம் கொடுக்கும் ஃப்ளஷ் வேண்டாம். பானைக் கழற்றும் வசதி இருந்தால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, காந்தத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். சில ஐரோப்பியப் பெட்டிகளில் பிளாஸ்டிக் பானும் ஃபில்டரும் ஒரே உறுப்பு. சேர்த்தேதான் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் கணினியில் கிளட்ச் பழக்கப் பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதைக் கையேட்டின்படி பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரோ ஆண்டோ பார்க்காமல் உடனே மாற்ற வேண்டிய ஒரே நிலை, தண்ணீர் புகுந்த பெட்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கியர்பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சிறு துவாரம் உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி அந்தத் துவாரம் வழியே நீரை இழுக்கும். கிளட்ச் தட்டுகளின் காகிதம் போன்ற மேலுறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; அதைப் பிடித்திருக்கும் பசையும் விட்டுப்போகும். ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகிக் கூலண்ட் கலந்தாலும் இதே கதிதான். ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வண்டியை இயக்கவே கூடாது. இழுவை வண்டியில்தான் ஒர்க்‌ஷாப் போக வேண்டும். பெயருக்கு ஒருமுறை வடித்தால் போதாது. ஆயில் தெளிவாகும் வரை மறுபடி மறுபடி மாற்ற வேண்டும்.

முடிவாக

இதுவரை பார்த்த சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் கெடும். கெடும் வேகம் வெப்பத்தையும் ஓடும் நேரத்தையும் பொறுத்தது. நம் சாலைகளும் வெயிலும் அந்த வேகத்தைக் கூட்டுகின்றன. எனவே என் தீர்ப்பு இது. கையேட்டில் ஓர் எண் இருந்தால் கடுமையான பயன்பாட்டுக்குரிய எண்ணையே உங்கள் எண்ணாகக் கொள்ளுங்கள். எண்ணே இல்லாவிட்டால், நகரத்தில் ஓடும் டார்க் கன்வர்ட்டர் காருக்கு 60,000 கி.மீ. அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கு 80,000 முதல் ஒரு லட்சம் கி.மீ. வரை பொறுக்கலாம். சி.வி.டி.க்கு 40,000 முதல் 60,000 கி.மீ.க்குள். ஈரக் கிளட்ச் இரட்டைப் பெட்டிக்கு 60,000 கி.மீ. உலர் கிளட்ச் பெட்டிக்கும் ஏ.எம்.டி.க்கும் கையேட்டு அட்டவணையோடு, மேட்டிலும் நெரிசலிலும் ஓட்டும் பழக்கத்தைத் திருத்துவதே பெரிய பராமரிப்பு. பழைய கார் வாங்குபவர் சர்வீஸ் பதிவேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆயிலைச் சோதித்த பிறகே விலை பேசுங்கள். கார் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்திய வெப்பத்துக்கும் இந்திய நெரிசலுக்கும் உரிய ஆயில் மாற்றக் கணக்கைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில், ஒவ்வொரு கியர்பாக்ஸ் வகைக்கும் தனித்தனியாகக் கையேட்டில் அச்சிடுங்கள். அதுவரை அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் வைத்திருக்கும் கையேட்டை இன்றே எடுத்து, பராமரிப்பு அட்டவணையில் கடுமையான பயன்பாடு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள்.